படமும் பாரமும்: அறிவுநூல் பதிப்பில் சிறு பதிப்பகங்களின் வழி

ஒரு நூலிலிருந்து படங்களை எடுத்துவிட்ட பிறகும் அது முழுமையாக நிற்குமானால், அந்தப் படங்கள் அழகுக்காகச் சேர்த்தவை. எடுத்தவுடன் பொருளே சரிந்துவிடுமானால் அது வேறு வகை நூல். பறவைக் கையேடு, தாவர நூல், உடற்கூறு விளக்கம், கோயில் கட்டடக்கலை வரலாறு, நெசவு நுட்பம், முதலுதவிக் கையேடு எல்லாம் இந்த இரண்டாம் வகை. புனைவுப் பதிப்பு பற்றியும் மொழிபெயர்ப்புப் பதிப்பு பற்றியும் நம் இதழ்களில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. படத்தோடு பிறக்கும் அறிவுநூல் எப்படி உருவாகிறது, அதைச் செய்யும் சிறு பதிப்பகம் எப்படிப் பிழைக்கிறது, தமிழில் அது ஏன் மெலிந்திருக்கிறது என்ற கேள்விகள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இக்கட்டுரை அவற்றை எடுத்துக்கொள்கிறது.

இந்த வகை நூலில் எழுதுபவர் ஒருவர், வரைபவர் அல்லது படம் எடுப்பவர் ஒருவர். இவர்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதைச் சொல்லில் சொல்வது, எதைப் படத்துக்கு விடுவது, எந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வைப்பது, படக்குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். நூலைச் செய்பவர் உண்மையில் அவரே. மாதக்கணக்கில் நீளும் அவருடைய உழைப்புக்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு காலத்துப் பதிப்பகமும் இதற்கு ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தாலே இத்துறையின் வரலாறு துலங்கிவிடும்.

சென்னையில் ஒரு முன்னோடி

ஸ்காட்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், 1840 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக ஒரு தாவரப் பட நூலை வெளியிட்டார். ‘ஐகோனஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ என்ற அந்த நூலில் 2,101 கல்லச்சுப் படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். செடியின் முழுத் தோற்றத்தை வரைந்த கையோடு, பூவைப் பிரித்து அதன் சூலகம், மகரந்தப் பை, விதையின் குறுக்குவெட்டு என ஒவ்வொன்றையும் பெரிதாக்கித் தனித்தனியே வரைந்திருக்கிறார்கள். எந்த உறுப்பை வரைந்தால் ஒரு செடியை அதன் இனச் செடிகளிலிருந்து பிரித்தறியலாம் என்று சொல்லத் தாவரவியலாளர் வேண்டும். அதைப் பார்த்து வரைய ஓவியர் வேண்டும். தாவரவியலாளராக இருந்த வைட், படத் தொகுப்பாசிரியராகவும் தாமே வேலை செய்தார்.

அவர் எடுத்த ஒரு முடிவு இன்றைய பதிப்பாளருக்கும் பாடம். ஏறக்குறைய அதே காலத்தில் அவர் வெளியிட்ட ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி’ வண்ணப் படங்களோடு வந்தது. அன்று வண்ணம் என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் தீட்டுவது. ஆறு தொகுதி நூலுக்கு அதைச் செய்திருந்தால் முதலுக்கே மோசம் வந்திருக்கும். எனவே கோட்டுப் படங்களாகவே விட்டு, படங்களின் எண்ணிக்கையைப் பெருக்கினார். தாவரத்தை அடையாளம் காண வண்ணத்தைவிட வடிவமே உதவும் என்பதால் அறிவுக்கு அதில் இழப்பு குறைவு. எங்கே செலவைக் குறைத்தால் பொருள் கெடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய உழைப்புக்கான பணம் கம்பெனிச் சம்பளமாக வந்தது. இது முதல் விடை: நடுவே நிற்பவர் வேறோரிடத்தில் சம்பளம் வாங்குவது. சாலிம் அலியின் ‘தி புக் ஆஃப் இண்டியன் பேர்ட்ஸ்’ 1941இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக வந்ததும் இதே வழியில்தான். ஒரு கழகமோ அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ பின்னால் நின்றால் நூல் வரும். அது விலகிக்கொண்டால் நூலும் நின்றுவிடும்.

பிளேட் கணக்கு

எழுத்து மட்டும் உள்ள நூலுக்கும் வண்ணப்பட நூலுக்கும் உள்ள வேறுபாட்டை அச்சகத்துக் கணக்கிலேயே பார்க்கலாம். கிரவுன் கால் அளவில் 96 பக்க நூல் என்று வைத்துக்கொள்வோம். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் ஆறு பாரம். தாளின் இரு புறமும் நான்கு வண்ணம் என்றால் பாரத்துக்கு எட்டு பிளேட், மொத்தம் 48 பிளேட். அதே நூல் கருப்பில் மட்டும் என்றால் 12 பிளேட் போதும். ஒவ்வொரு முறை பிளேட் மாற்றும்போதும் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை தாள் வீணாகும். 500 பிரதி அடித்தாலும் 5,000 பிரதி அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. படத்துக்கான கூலி, பட அனுமதிக் கட்டணம், வடிவமைப்பு, துறை அறிஞரின் சரிபார்ப்பு ஆகிய செலவுகளும் அப்படியே. முதல் பிரதி வெளிவரும் முன்பே பணம் முழுவதும் போய்விடுகிறது.

மறுபக்கம் வரவைப் பார்ப்போம். 100 ரூபாய் விலையுள்ள நூலில் விற்பனையாளர் கழிவு 35 முதல் 40 ரூபாய்வரை போகும். வழக்கமான உரிமைத்தொகை 10 ரூபாய். மிஞ்சும் ஏறத்தாழ 50 ரூபாயில் அலுவலகம், கிடங்கு, போக்குவரத்து, விற்காத பிரதிகள் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் அச்சும் கட்டும் விலையில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்கினால்தான் பிழைக்கலாம் என்பது பதிப்பாளர்களிடையே பொதுவாக வழங்கும் கணக்கு. 1,000 பிரதி அடிக்கும் வண்ணப்பட நூலை இந்தக் கணக்குக்குள் கொண்டுவருவது கடினம். விலையை ஏற்றினால் வாசகர் விலகுகிறார். பிரதியைக் கூட்டினால் கிடங்கு நிறைகிறது.

இந்த முடிச்சை அச்சு முறையாலேயே அவிழ்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பென்குயின் பதிப்பகத்துக்காக நோயல் காரிங்டன் 1940இல் பிரிட்டனில் தொடங்கிய பஃபின் பட நூல் வரிசை அது. 32 பக்கம், விலை ஆறு பென்ஸ். பண்ணை, கப்பல், பூச்சி, மரம், ரயில் எனக் குழந்தைகளுக்கான அறிவுநூல்கள். தாளின் ஒரு புறம் மட்டும் வண்ணம், மறுபுறம் கருப்பு. மேலே சொன்ன 96 பக்க நூலை இதே முறையில் அடித்தால் 48 பிளேட் 30 ஆகக் குறைந்துவிடும். இன்னொரு சிக்கனமும் இருந்தது. மூல ஓவியத்தைப் படம் பிடித்து வண்ணங்களாகப் பிரிக்கும் செலவைத் தவிர்க்க, ஓவியர்களே ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக அச்சுத் தகட்டில் நேரடியாக வரைந்தார்கள். சோவியத் நாட்டுக் கல்லச்சுப் பட நூல்களைப் பார்த்து காரிங்டன் பெற்ற ஊக்கம் இது. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் அந்த வரிசை நிலைத்தது. வண்ணப் பக்கம் எது, கருப்புப் பக்கம் எது என்று அறிந்தபின் எழுதப்பட்ட நூல்கள் அவை. அங்கே அச்சு முறையைப் பற்றிய அறிவு தொகுப்பாசிரியரின் முதல் கருவியாக இருந்தது.

நடுவே நிற்பவருக்கு ஒரு பதவி

1925இல் வியன்னாவில் ஓட்டோ நோய்ராத் ஒரு சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். வீட்டு வசதி, நோய், வருமானம், உற்பத்தி பற்றிய புள்ளிவிவரங்களைப் படிப்பறிவு குறைந்த தொழிலாளரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி படங்களாக்குவது அதன் வேலை. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற முறை அங்கே உருவானது. அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவு உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அப்போதுதான் கண் சரியாக எண்ணும்.

நம் பொருளுக்கு முக்கியமானது அங்கே நடந்த வேலைப் பிரிவினை. புள்ளியியலாளர் தரவைக் கொடுப்பார். கெர்ட் ஆர்ன்ட்ஸ் போன்ற ஓவியர்கள் உருவங்களைச் செதுக்குவார்கள். இவர்களுக்கு இடையில் தரவைப் படித்து, அதில் சொல்லத்தக்கது எது என்று கண்டு, காகிதத்தில் அதன் அமைப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பு மாரி ரைடமைஸ்டருக்கு இருந்தது. அதற்குத் தனிப் பதவியும் பெயரும் கொடுத்திருந்தார்கள். அவர் பின்னர் ஓட்டோவை மணந்து மாரி நோய்ராத் ஆனார். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்து, 1945இல் கணவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த வேலையைத் தொடர்ந்தார். குழந்தைகளுக்காக அவர் உருவாக்கிய அறிவியல், வரலாற்று நூல்கள் பல வரிசைகளாக வந்தன. பூமியின் உள்ளே, எந்திரத்தின் உள்ளே, உடலின் உள்ளே என்று வெட்டிக் காட்டும் படங்கள் அவற்றின் தனித்தன்மை. 1950களில் மேற்கு நைஜீரியாவுக்காகத் துண்டு நூல்கள் தயாரித்தபோது ஐரோப்பிய உருவங்களை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது என்று கண்டு, வீடு, உடை, பயிர் எல்லாவற்றையும் அந்த ஊர் வழக்கத்துக்கு மாற்றி அமைத்தார். வெளிநாட்டுப் படத்தை வாங்கி அடியில் தமிழில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கும் நம் பதிப்பாளர்கள் ஆழ்ந்து பார்க்க வேண்டிய வேலை இது.

கூட்டுப் பதிப்பு என்ற வழி

அதே வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த வேறு சிலர் வணிக வழியைக் கண்டார்கள். வோல்ஃப்காங் ஃபோகஸ் 1937இல் தொடங்கிய அட்பிரிண்ட் நிறுவனம் நூலை முழுவதுமாகத் தயாரித்து, வேறு பதிப்பகத்தின் பெயரில் வெளியிடக் கொடுத்தது. காலின்ஸ் பதிப்பகத்துக்காக அது தயாரித்த ‘பிரிட்டன் இன் பிக்சர்ஸ்’ வரிசையில் 130க்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. அங்கே தயாரிப்புப் பொறுப்பில் இருந்த வால்ட்டர் நோய்ராத், 1949இல் அங்கே உடன் பணியாற்றிய ஈவாவுடன் சேர்ந்து தேம்ஸ் அண்ட் ஹட்சன் பதிப்பகத்தைத் தொடங்கினார். லண்டனின் நதியும் நியூயார்க்கின் நதியும் சேர்ந்த பெயர். ஒரே நூலை இரு சந்தைகளுக்கும் சேர்த்து அச்சிட்டால்தான் கணக்கு ஒத்துவரும் என்ற எண்ணம் பெயரிலேயே இருந்தது. 1958இல் அவர்கள் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் ஆர்ட்’ வரிசை மாணவர் வாங்கும் விலையில் கலை வரலாற்றைக் கொடுத்தது.

கூட்டுப் பதிப்பின் நுட்பம் எளிது. வண்ணப் படங்கள் எல்லா மொழிக்கும் ஒன்றே. எழுத்து முழுவதையும் கருப்புத் தகட்டில் மட்டும் வைத்துவிட்டால், மொழி மாறும்போது கருப்பை மட்டும் மாற்றினால் போதும். நமது 96 பக்க நூலில் 48 பிளேட்டில் 36 அப்படியே நிற்கும், 12 மட்டும் மாறும். ஐந்து மொழிப் பதிப்பாளர்கள் ஆளுக்கு 2,000 பிரதி கேட்டால் 10,000 பிரதியாக ஒரே ஓட்டத்தில் அடிக்கலாம். படச் செலவும் தொகுப்பாசிரியர் கூலியும் ஐந்தாகப் பங்கிடப்படும். இது இரண்டாவது விடை.

இதற்காக வடிவமைப்பில் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கக் கூடாது, வைத்தால் நான்கு தகடும் மாறும். படத்துக்குள்ளேயே ஓவியர் எழுத்தை வரைந்துவிடக் கூடாது. எழுத்து விரிய இடம் விட வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று வரியில் அடங்கும் படக்குறிப்பு தமிழில் நான்கைந்து வரியாகும். நம் சொற்கள் நீளமானவை. நெருக்கமான உடற்கூறுப் படத்தில் ‘பித்தப்பை’, ‘கணையம்’ என்பவற்றை அம்புக்குறியோடு வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். நிலவரைபடம் இருந்தால் இந்திய எல்லைகள் நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்த வேண்டும். வெளிநாட்டில் அடித்த நூல் இதனால் துறைமுகத்தில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

இந்த வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனது கிறிஸ்டோபர் டார்லிங்கும் பீட்டர் கிண்டர்ஸ்லியும் 1974இல் லண்டனில் தொடங்கிய டார்லிங் கிண்டர்ஸ்லி. முதலில் பிறருக்கு நூல் தயாரித்துக் கொடுத்து, 1982 முதல் தம் பெயரிலேயே வெளியிட்டார்கள். பிரான்சின் கலிமார் பதிப்பகத்துடன் இணைந்து 1988இல் தொடங்கிய ‘ஐவிட்னஸ்’ வரிசையில் வெண்மையான பக்கத்தில் பொருள்கள் நிழலோடு மிதப்பதுபோல் நிற்கும். அந்த அமைப்பு உலகெங்கும் குழந்தைகளின் அறிவுநூல் முகத்தையே மாற்றியது. ஆனால் 1999இல் ஸ்டார் வார்ஸ் படத்தையொட்டி 1 கோடியே 30 லட்சம் பிரதிகள் அடித்தார்கள், விற்றதோ ஏறத்தாழ 30 லட்சம். அடுத்த ஆண்டே நிறுவனம் பியர்சன் கைக்குப் போய்விட்டது. அவர்களை வளர்த்தது, யார் எத்தனை பிரதி வாங்குவார் என்று உறுதியான பிறகே அச்சிடும் வழக்கம். அதைக் கைவிட்டு அகலக்கால் வைத்த உடனே சரிவு வந்தது. சிறு பதிப்பகத்துக்கும் பெரும் பதிப்பகத்துக்கும் இந்த விதி ஒன்றே.

கையால் அச்சிட்ட நூல்

மூன்றாவது விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கீதா வுல்ஃப் 1994இல் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ், எண்ணிக்கையைக் கூட்டி விலையைக் குறைக்கும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. கையால் செய்த தாள், பட்டுத்திரை அச்சு, கைத்தையல் கட்டு என்று நூலையே அரிய பொருளாக்கியது. ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்ற அச்சுக்கூடத்தில் கைவினைஞர்கள் ஒவ்வொரு வண்ணமாகத் திரையில் இழுத்து அச்சிடுகிறார்கள். 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கருப்புத் தாளில் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி வரைந்த மரங்களின் நூல். 2008இல் போலோன்யா ராகாட்சி விருது பெற்றது. பிரெஞ்சு, இத்தாலியம், ஜப்பானியம், கொரியம் முதலிய மொழிகளில் வந்த பதிப்புகளும் சென்னையில் கையால் அச்சிட்டு அனுப்பப்பட்டவையே. ஒவ்வொரு பிரதியிலும் எண் இருக்கும். இங்கும் கூட்டுப் பதிப்பின் தர்க்கமே வேலை செய்கிறது, பெரிய அச்சு எந்திரத்தின் இடத்தில் கைவினைஞர் கூட்டம் நிற்கிறது.

தாராவின் ஆழமான பங்களிப்பு தொகுப்புப் பணியில்தான் இருக்கிறது. பஜ்ஜு ஷ்யாம் லண்டனில் ஒரு உணவகச் சுவருக்கு ஓவியம் தீட்டப் போய்வந்த அனுபவம் 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ ஆயிற்று. பூமிக்கடியில் ஓடும் ரயிலை அவர் மண்புழுவாகப் பார்த்தார். லண்டனின் கடிகாரக் கோபுரமும் காலம் சொல்லும் சேவலும் ஓர் உருவில் கலந்தன. ஓவியர் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு, நூலாக அடுக்கியவர்கள் கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும். நாட்டார் ஓவியரை அலங்காரத்துக்கு அழைக்காமல் ஆசிரியராகவே நிறுத்தி, அட்டையில் பெயரைப் போட்டது அந்தப் பதிப்பகம்.

2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’ இதன் அடுத்த படி. அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லும் அந்த நூலை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். சித்திரக்கதைக்குரிய கட்டங்களுக்குள் தம் மாந்தரை அடைக்க ஓவியர்கள் விரும்பவில்லை. சுவரில் தீட்டும் திக்னா கோலத்தின் வளைவுகளே பக்கத்தைப் பிரித்தன. அன்பான பேச்சு பறவை வடிவிலும், நஞ்சான பேச்சு தேள்கொடுக்கோடும் வந்தது. ஓவியர் மரபு, ஆவண உண்மை, வாசகரின் கண் மூன்றையும் ஒரே பக்கத்தில் இணக்கிய தொகுப்பாசிரியரின் உழைப்பு அதில் தெரிகிறது. தமிழில் இந்நூலைக் காலச்சுவடு கொண்டுவந்தது.

சென்னையிலிருந்தே நான்காவது விடையும் வந்தது. 1996இல் தொடங்கிய தூலிகா ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம் என ஒன்பது மொழிகளில் குழந்தைகளுக்கான பட நூல்களை வெளியிடுகிறது. ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே செய்ததை இந்தியாவில் ஒரே பதிப்பகம் தன் வீட்டுக்குள்ளேயே மொழிகளுக்கிடையே செய்வது இது. தமிழ்ச் சந்தை மட்டும் தாங்காத செலவை ஒன்பது சந்தைகள் சேர்ந்து தாங்குகின்றன.

தமிழில் நிலை

தமிழில் இத்துறைக்குப் பெருமைப்படத்தக்க அடித்தளம் உண்டு. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும், 1968 முதல் 1976 வரை வந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் படத்தை அறிவின் பகுதியாக நடத்தின. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் வண்ணப் பக்கங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. அரசு நல்கையும் கொடையாளர் உதவியும் அதைத் தாங்கின.

அதே காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் அனுப்பிய தமிழ் நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாகச் சிற்றூர்வரை போய்ச் சேர்ந்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், தெளிவான விளக்கப் படம், மிகக் குறைந்த விலை. சோவியத் அரசு தாங்கியவரை அது நடந்தது. 1991இல் அந்த அரசு மறைந்ததும் நூல்வரத்தும் நின்றது. அவற்றின் விலைக்குப் பழகிய வாசகர் மனம் மட்டும் மாறவில்லை. படநூல் என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடம் இன்றும் உண்டு. அடக்க விலைக்கு மேல் விற்றாக வேண்டிய சிறு பதிப்பகத்தின் தலையில் அது விழுகிறது.

1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், தொகுப்பாசிரியரின் உழைப்பே நூலின் முதல் என்று தமிழில் நிறுவியவர். அகராதிப் பணியில் சொல்லுக்குச் சொல் அவர் காட்டிய கவனம் பட நூலுக்கும் வந்தது. ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ அதற்குச் சான்று. களத்தில் பறவை பார்க்கும் ஆய்வாளர், மொழியறிந்த எழுத்தாளர், நல்ல ஒளிப்படங்கள், கண்டிப்பான தொகுப்பு நான்கும் கூடியதால் அந்த நூல் அமைந்தது. இப்படி ஒன்று பூச்சிக்கு, மீனுக்கு, மரத்துக்கு, நாட்டு மாட்டுக்கு, நெல் வகைக்கு, கடற்கரை மீனவர் வலைக்கு என்று வரிசையாக வந்திருக்க வேண்டும். அந்த வரிசை தமிழில் அமையவில்லை.

காரணங்கள் தெரிந்தவைதான். முதலாவது, நூலகக் கொள்முதல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்மீது எழுந்த பொது நூலக அமைப்பு தமிழ்ப் பதிப்பகங்களின் முதுகெலும்பு. ஆனால் விலையைப் பாரக் கணக்கில் நிர்ணயிப்பது அங்கே நீண்டகால வழக்கம். எழுத்து மட்டும் உள்ள 96 பக்கத்துக்கும், ஓவியரும் அறிஞரும் உழைத்த 96 பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கணக்கு போதுமான அளவு காண்பதில்லை. வண்ணத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது மையின் விலையாகவே இருக்கும், தொகுப்புப் பணியின் விலையாக இராது. பக்கத்தைப் பெருக்கினால் வருமானம், செறிவாக்கினால் நட்டம் என்ற நிலை படநூலுக்கு நேர் எதிரானது.

இரண்டாவது, அச்சிடும் எண்ணிக்கை. ஒரு காலத்தில் 1,000, 1,200 என்று அடித்த தமிழ்ப் பதிப்பகங்கள் இப்போது பிஓடி என்ற, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் சில நூறு பிரதிகளோடு தொடங்குகின்றன. கருப்பு எழுத்துக்கு இது வரம். வண்ணத்துக்கு அப்படி இல்லை. டிஜிட்டல் வண்ண அச்சில் பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். எண்ணிக்கை கூடினாலும் அடக்க விலை இறங்காது.

மூன்றாவது, வரி. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. தாளுக்கும் அச்சுக் கூலிக்கும் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது முழுவதும் அடக்க விலையில் ஏறுகிறது. ஆர்ட் பேப்பரும் நான்கு வண்ணமும் வாங்குபவரின் கையை அது கூடுதலாகக் கடிக்கிறது.

நான்காவதும் முதன்மையானதுமான காரணம், படத் தொகுப்பாசிரியர் என்ற ஆளே நம் பதிப்பகங்களில் இல்லை. பிழை திருத்துநர் இருக்கிறார், பக்கம் வடிவமைப்பவர் இருக்கிறார், அட்டை ஓவியர் இருக்கிறார். எழுத்து முடிந்த பிறகு, ‘இங்கே ஒரு படம் போடலாம்’ என்று தேடுவதே வழக்கம். அப்படிச் சேர்த்த படம் எழுத்தைத் திரும்பச் சொல்லும் அல்லது எழுத்தோடு முரண்படும். சோழர் கோயில் விமானத்தின் உறுப்புகளை நான்கு பத்தியில் விவரித்துவிட்டு எதிர்ப் பக்கத்தில் கோபுரத்தின் தொலைதூரப் படத்தை வைப்பதால் வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை. அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம் என்று கோட்டுப் படத்தில் அம்புக்குறி இட்டுக் காட்டினால் நான்கு பத்தியும் ஒன்றாகச் சுருங்கும். மிஞ்சிய இடத்தில் ஆசிரியர் ஏதேனும் புதிதாகச் சொல்லலாம்.

உரிமையும் நேர்மையும்

படநூலில் ஓவியரோடும் ஒளிப்படக்காரரோடும் போடும் ஒப்பந்தமே பதிப்பகத்தின் நிலையான சொத்து. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவருக்காக எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு உடன்படிக்கை இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பதிப்பாளர் அதை மறைத்துப் பயன்படுத்துவது அறமன்று. உரிமை ஓவியரிடமே இருக்க, இந்த நூலில் இத்தனை ஆண்டு பயன்படுத்த அனுமதி என்று எழுதிக்கொள்வதே நேர்மையான வழி. 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். நாளை கூட்டுப் பதிப்புக்கு வெளிநாட்டுப் பதிப்பாளர் வந்தால், இந்த இரண்டு வரி எழுதாத ஒப்பந்தம் கையைக் கட்டிவிடும்.

பழைய படங்களைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும், 2017 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் உரிமைக்காலம் முடிந்த படைப்புகளின் தரமான படங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. இயற்கை வரலாற்று நூல்களுக்கான பன்னாட்டு மின்னூலகத்தில் வைட் வெளியிட்ட படங்களையும் பார்க்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களும் கதைகளும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. டேவிட் வெர்னரின் ‘வேர் தேர் இஸ் நோ டாக்டர்’ உலகெங்கும் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனதற்கு, படங்களை அந்தந்த ஊருக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த அதன் வெளியீட்டாளர்கள் தாராளமாக அனுமதித்ததே காரணம். படத்துக்கான பணம் இப்படி மிச்சமாகும்போது, அதைத் தொகுப்புப் பணிக்குத் திருப்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை

இத்தனை வழிகளையும் எண்ணிப் பார்க்கையில் தமிழ்ச் சிறு பதிப்பகங்களுக்கு உகந்ததாக எனக்குப் படுவது இதுதான். ஆண்டுக்குப் பத்து நூல் என்ற ஆசையை விட்டு, ஒன்றோ இரண்டோ படநூலை எடுத்துக்கொள்ளட்டும். எழுதத் தொடங்கும் முன்பே படத் தொகுப்பாசிரியரை அமர்த்தி, அவருக்கான தொகையை அச்சுச் செலவுக்கு முன்னால் கணக்கில் எழுதட்டும். முழு வண்ணம் முடியாதென்றால் வைட்டைப்போலக் கோட்டுப் படத்துக்கோ, காரிங்டனைப்போல ஒரு புற வண்ணத்துக்கோ போகலாம், அறிவு குறையாது. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே நெருக்கடியோடு போராடும் சிறு பதிப்பகங்களோடு கருப்புத் தகட்டை மட்டும் மாற்றிக் கூட்டாக அச்சிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவைக்கு மொழி எல்லை கிடையாது. 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்தும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இத்தகைய உடன்படிக்கைகளுக்கு நல்ல களம். அங்கே கிடைக்கும் மொழிபெயர்ப்பு நல்கையில் படநூலுக்கும் தனிப் பங்கு கேட்க வேண்டும்.

நூலகத் துறை படநூலைப் பாரக் கணக்கிலிருந்து விலக்கி, துறை அறிஞர் குழு ஒன்றின் மதிப்பீட்டில் விலை தரவேண்டும். பதிப்பகங்கள் நூலின் உரிமைப் பக்கத்தில் ஆசிரியர், ஓவியர் பெயரோடு படத் தொகுப்பாசிரியர் பெயரையும் அச்சிட வேண்டும். பெயர் இருந்தால் பொறுப்பு வரும், பொறுப்பு வந்தால் அந்தத் தொழிலுக்கு இளைஞர்கள் வருவார்கள். வாசகரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த புத்தகக் காட்சியில் ஒரு தமிழ்ப் படநூலைக் கையில் எடுத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தைப் படத்தோடும் படக்குறிப்போடும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெளிவாகக் காட்டினால், அந்த விலையைக் கொடுங்கள். அடுத்த நூலுக்கான முதல் அந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.